எடை பார்த்து வாங்கியது

“பில்லைக் கொடுங்கப்பா.”

கேட்டேவிட்டேன்.

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சாப்பாடு ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்கலாம். யாரோடு போனில் பேசினாய் என்று கேட்கலாம். அப்பா வாங்கிக்கொண்டு வந்த பொருளுக்கு மட்டும் பில் கேட்கக் கூடாது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த வயதிலேயே அம்மா போட்டுவைத்த சட்டம் அது. பில் கேட்டால், ‘உங்களுக்கு வாங்கத் தெரியலை’ என்று சொன்ன மாதிரி. ஒருமுறை அம்மாவே இஸ்திரிப்பெட்டிக்கு பில் கேட்டுவிட்டு ஒன்பது நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்த நீலச் சட்டை. மூன்றாவது பொத்தானில் கை நின்றது.

“என்ன கேட்ட?”

“லேப்டாப்போட பில். கடையில கொண்டுபோய் மாத்தணும்.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் தலை மட்டும் எட்டிப்பார்த்தது. “ஏண்டி, காலையிலேயே ஆரம்பிக்கிற? அவரு வேலைக்குக் கிளம்பற நேரம்.”

“எனக்கும் வேலைதாம்மா. அஞ்சு மணிக்கு அது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

எனக்கு வேலை கிடைத்திருப்பதாகப் போன வாரம் இந்த வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்களே, அது பாதி உண்மைதான். ஒரு காலை மட்டும் வாசலுக்குள் வைக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரும்புப் பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அங்கே தலைமை வரைவாளருக்குக் கழுகு என்று பெயர்; எவ்வளவு உயரத்திலிருந்தும் தப்பைப் பார்த்துவிடுவாராம். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “ஒரு பாலத்தோட கம்ப்யூட்டர் மாடல் தரேன். உன் சொந்த மெஷின்ல திற. எங்க இரும்பும் இரும்பும் மோதுது, எந்த போல்ட் ஓட்டை ஒண்ணோட ஒண்ணு சேரலைன்னு கண்டுபிடி. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அஞ்சு அஞ்சுக்கு வந்தா நான் திறந்துகூடப் பாக்க மாட்டேன்.”

இன்று வியாழக்கிழமை.

என்ன மாதிரி லேப்டாப் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருந்தேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு. முப்பத்திரண்டு ஜிபி மெமரி. நல்ல ஃபேன். கடைசி வரி: ‘கனமா, அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை.’ அதற்குக் கீழே இரண்டு கோடு. நானும் கடைக்கு வருகிறேன் என்றேன். “பரிசு வாங்கப் போறவங்க பின்னாடியே வருவியா? மானத்தை வாங்காதே,” என்றான் அண்ணன். அப்பாவும் சிரித்தார். நானும் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. காபித் தட்டு மாதிரி மெலிசு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப்பார்த்தாள். அப்பா அதை ஒற்றை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, “ஒரு கிலோ நூறு. அதுக்கு மேல இருந்தா என் பேரை மாத்திக்கறேன்,” என்றார். பெட்டியைப் பார்த்தேன். ஒரு கிலோ நூறு கிராம்தான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் சுமை தூக்குகிறவர். பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில், எல்லாம் அவர் கைக்கு எண்ணாகத்தான் தெரியும்.

எவ்வளவு எடை என்று பார்த்தவர், அது என்ன செய்யும் என்று பார்க்கவில்லை.

பாலத்தின் மாடலைத் திறக்க அது பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. திறந்த பாலத்தைச் சற்றே திருப்பினால் திரை வெளுத்து நின்றது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டிப் பதினோரு தப்பு கண்டுபிடித்தேன். மாடலில் குறைந்தது நூறு இருக்கும். நேற்று மாலை அது தானாகவே அணைந்தது. அணைந்தபோதும் அழகாகத்தான் இருந்தது.

“பில் எங்கன்னு உங்கம்மாவைக் கேளு,” என்று அப்பா மீதிப் பொத்தான்களைப் போட்டார். முகம் கறுத்துவிட்டது.

“எங்க வெச்சேன்னு ஞாபகமே இல்லையே,” என்றாள் அம்மா.

எட்டு வருடத்துக்கு முன்னால் யார் எந்தக் கிண்ணத்தை இரவல் வாங்கினார்கள் என்று சொல்லக்கூடியவள் என் அம்மா. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் தாங்கினாள். பிறகு உள்ளே போய், தலையணை உறைக்குள் கைவிட்டு எடுத்துவந்து, என் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள்.

பில் அண்ணன் பெயரில் இருந்தது. சரி, போகட்டும். கடைசிக்கு முந்தைய வரியைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

‘பழைய லேப்டாப் ஒன்று, மாற்றுக்குப் பெற்றுக்கொள்ளப்பட்டது.’

“அம்மா. என் பழசு எங்க?”

“அண்ணன் எடுத்துட்டுப் போனானே…”

“ஒடிஞ்ச கீலை மாத்திட்டு வரேன்னு எடுத்துட்டுப் போனான்.”

அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள். “அது பழசுடி. கறுப்பு டேப்பைச் சுத்தி வெச்சிருந்த. வர்றவங்க முன்னால நீ அதை விரிச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். புதுசுதான் வருதேன்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

கல்லூரி இரண்டாம் வருடத்தில் யாரோ பயன்படுத்திக் கழித்ததை வாங்கியது அது. அண்ணன் அதற்கு ‘அம்மிக்கல்’ என்று பெயர் வைத்திருந்தான். நானே ஸ்க்ரூவைக் கழற்றி, மெமரியை இரண்டு மடங்காக்கி, ஃபேனைத் துடைத்து ஓட்டினேன். திணறும், ஆனால் திறக்கும். அது இருந்திருந்தால் நான்கு நாளில் அறுபது தப்பாவது பிடித்திருப்பேன்.

“அது வேலை செஞ்சுதும்மா.”

“பாக்க நல்லாவே இல்லைடி.”

வெள்ளித் தட்டைப் பெட்டியில் போட்டேன். “கிளம்புங்கப்பா, கடைக்குப் போகலாம்.”

“எனக்கு லோடு இருக்கு. ரெண்டு பெட்ரூம் வீடு, நாலாவது மாடி.”

“அரை நாள் லீவு சொல்லுங்க. நான் பிறந்த அன்னைக்குக்கூட லோடு ஏத்தப் போயிட்டீங்களாம். இன்னைக்கு ஒரு நாள் எனக்காக விடுங்க.”

இதுவரை இந்த வீட்டில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா போனை எடுத்து, “மதியம் வரேன்,” என்று மட்டும் யாரிடமோ சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் படி இறங்கினார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் மறக்கவில்லை. எடை எவ்வளவானாலும் தூக்குவது அவர் பழக்கம்.

கடையில் கண்ணாடி மேசைமேல் லேப்டாப்புகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு இருந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சங்கிலி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த விற்பனையாளர் அப்பாவைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்க ஐயா! எடை சொல்ற ஐயாதானே? நாலு மெஷினைத் தூக்கிப் பாத்து நாலுக்கும் கரெக்டா சொன்னீங்களே. எங்க முதலாளிகிட்டகூட சொல்லிச் சிரிச்சேன்.”

அப்பா சிரிக்கவில்லை. நான் தாளில் எழுதியிருந்ததைச் சொன்னேன். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“அந்தத் தாளை எழுதினது நீங்களாம்மா? அன்னைக்கே நான் இதைத்தான் எடுத்துக் காட்டினேன்.” மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினார். கறுப்பு. தடிமன். அடுக்கிவைத்த இரண்டு டெலிபோன் டைரக்டரி மாதிரி. பின்னால் நான்கு இடத்தில் காற்று போக ஓட்டைகள். “ஐயா தூக்கிப் பாத்தாரு. ரெண்டு கிலோ எழுநூறு, பிள்ளைக்கு வேணாம்னாரு. நான் சொன்னேனே, இந்த வேலைக்கு அந்த வெள்ளி மெஷின் தாங்காதுன்னு. கூட வந்த தம்பிதான், ‘அவ வேலை எல்லாம் மெயில் அனுப்பறதோட சரி, நீங்க பில் போடுங்க’ன்னாரு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ஃபைலை இதுல ஒரு தடவை திறந்து பாக்கட்டுமா?”

“தாராளமா.”

பென் டிரைவைச் சொருகினேன். ஃபேன் எழுந்தது. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி, கிரைண்டர் ஓடுகிற மாதிரி இரைச்சல். நாற்பது நொடி. பாலம் முழுசாக வந்து நின்றது. விரலை வைத்துத் திருப்பினேன், திரும்பியது. அடியில் போனேன், உத்தரத்துக்குள் நுழைந்தேன், போல்ட் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தேன். நான்கு நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்தது அப்போதுதான் பாலமாகத் தெரிந்தது. ஏழு நிமிடத்தில் மூன்று தப்பு. மூன்றாவதைப் பார்த்ததும் வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

“பாருங்கப்பா! இங்க பாருங்க. இந்த ஓட்டையும் இந்த ஓட்டையும் சேரவே இல்லை. இதை இப்படியே செஞ்சு அனுப்பினா அங்க மேல ஏறி நிக்கிறவன் போல்டைக் கையில வெச்சுக்கிட்டு முழிப்பான்.”

அப்பா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, மேசைக்குக் கீழே கிடந்த சார்ஜரைக் கையில் எடுத்தார். “இதுவே முக்கால் கிலோ இருக்கும்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“இவரு சொன்னதைக் கேட்ட அப்புறமுமா அதை வாங்கினீங்க?”

விற்பனையாளர் நல்ல மனிதர். ஏதோ கூப்பிட்டது மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்தார்.

“உன்னை எதுக்குப் படிக்கவெச்சேன் பாப்பா?” அப்பாவின் குரல் மெதுவாக வந்தது. “பெரிய பெரிய ஆபீசெல்லாம் மாத்திக் கொடுத்திருக்கேன். கையில கனமா எதையாவது வெச்சிருந்தா லிஃப்ட்ல ஏத்த மாட்டான். பின்பக்கப் படியில போன்னு கையைக் காட்டுவான். லேசா ஒண்ணைக் கையில மடிச்சு வெச்சுக்கிட்டு வர்றவங்களை ஒருத்தனும் நிறுத்தறதில்லை. கதவு தானா திறக்கும். நீ அப்படிப் போகணும்னு நெனச்சேன். இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறினா உன்னை யாரு இன்ஜினியர்னு சொல்லுவான்?”

“அவங்க உள்ள போய் என்ன செய்யறாங்கன்னு பாத்திருக்கீங்களாப்பா?”

“அதை நான் எப்படிப் பாக்கறது? நான் வெளியிலதானே நிக்கறேன்.”

அது என்னை எங்கேயோ குத்தியது. ஆனால் குத்திய இடத்தைத் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. மணி பதினொன்றே கால்.

மாற்றிக்கொள்ளலாம் என்றார் விற்பனையாளர். ஏழு நாள் கெடு இன்னும் முடியவில்லை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஒரு விஷயம்: பில்லில் யார் பெயரோ அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மிக்கல் ஏற்கெனவே கிடங்குக்குப் போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ‘கஸ்டமர் இருக்காங்க’ என்று ஒரு வரி வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவனிடத்துக்கே போனேன்.

என் அண்ணன் குளியலறைச் சாமான் விற்கும் ஷோரூமில் நிற்கிறான். கழுத்தில் டை. சுவர் முழுக்கக் குழாய்கள். ஒன்றிலும் தண்ணீர் வராது. பின்னால் பைப்பே கிடையாது. ஒவ்வொரு வாஷ்பேசினுக்கு மேலேயும் கண்ணாடி. நுழைந்ததும் அப்பாவின் நீலச் சட்டை ஏழெட்டு இடத்தில் தெரிந்தது. அண்ணனும் அதைத்தான் முதலில் பார்த்தான்.

“என்ன இன்ஜினியரம்மா, சொல்லாம கொள்ளாம? அப்பாவைக் கொஞ்சம் அந்த ஓரமா நிக்கச் சொல்லு. கஸ்டமர் வர்ற நேரம்.”

தாழ்ந்த குரலில்தான் சொன்னான். அப்பாவுக்குக் கேட்டது. அவர் ஓரமாகப் போய் நின்றார்.

“கடைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடு. அரை மணி நேர வேலை,” என்றேன்.

“எதுக்கு? புத்தம் புதுசு. மாத்தப் போனா அந்தக் கடைக்காரன் என்னைப் பத்தி என்ன நெனைப்பான்?”

“என் வேலை போயிடும்டா.”

“ஒரு லேப்டாப்புக்காக எவனும் வேலையை விட்டுத் துரத்த மாட்டான். நீ பேசற விதத்துல இருக்கு. அதைக் கையில எடுத்துட்டுப் போய் நேரா அந்த ஆளு முன்னால உக்காரு. பாக்கறதுக்கே ஒரு மரியாதை வரும்.” பக்கத்திலிருந்த குழாயைத் திருகிக் காட்டினான். “இங்க வர்றவன்ல ஒருத்தனாவது தண்ணி எப்படி வரும்னு கேட்டிருக்கானா? பளபளன்னு இருக்கா? திருகினா வழுக்கிட்டுத் திரும்புதா? அவ்வளவுதான். பேக் பண்ணுன்னு சொல்லிடுவான்.”

“வீட்டுக்குப் போய் மாட்டினா தண்ணி வரலைன்னா?”

“அதுக்கு சர்வீஸ்காரன் இருக்கான். என் வேலை இல்லை அது.”

“சரி, உன் தத்துவம் எல்லாம் அப்புறம். கையெழுத்துப் போடுவியா மாட்டியா?”

அவன் டையைச் சரிசெய்தான். பொய் சொல்லும்போது அவனுக்கு அந்தப் பழக்கம். இந்த முறை பொய் வரவில்லை, உண்மையே வந்தது.

“சனிக்கிழமை ஒரு பில்டரைப் பாக்கறேன். முப்பது ஃப்ளாட்டுக்குக் குழாய், பேசின், எல்லாம். ஓகே ஆனா நான் தனியா ஏஜென்சி எடுத்துடுவேன். அவன் முன்னால படத்தை எல்லாம் விரிச்சுக் காட்டணும். அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா ரிப்பேர்க்காரன்னு நெனைப்பான்.”

“அப்ப வாங்கினது எனக்கில்லை.”

“வீட்டுக்கு வாங்கினது. நீ வேலை பாக்காத நேரம் அது சும்மாதானே கிடக்கும்?”

“என் வேலை மெயில் அனுப்பறதுன்னு கடையில சொன்னியாமே?”

“பின்ன? நீ என்ன பாலத்தையா தூக்கி நிறுத்தப் போற?”

ஆமாண்டா, என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பி ஓரமாக நின்ற அப்பாவிடம் போனேன்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. உங்க பேச்சை அவன் தட்ட மாட்டான். போய்க் கையெழுத்துப் போடுடான்னு சொல்லுங்க.”

அப்பா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்தக் கண்ணாடியையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அவனும் முன்னுக்கு வரணும்ல.”

மூன்றே சொல்.

“சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ பாப்பா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போய் மாத்தித் தரேன். அந்த ஆபீசர்கிட்ட ரெண்டு நாள் கேளேன். பொண்ணுன்னு பாத்துக் கொடுக்க மாட்டாரா?”

தன்னை ஓரமாக நிற்கச் சொன்ன மகனுக்காக, அந்த ஓரத்தில் நின்றபடியே, பேசினார் என் அப்பா. அவரைப் பார்த்து எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“அப்ப இங்கேயே வெச்சுட்டுப் போயேன். சனிக்கிழமைதானே,” என்று அண்ணன் அப்பா கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கவுன்ட்டருக்குக் கீழே தள்ளினான். அது அங்கேதான் இருக்க வேண்டும், தண்ணீர் வராத குழாய்களோடு.

வெளியே வந்து, நடைபாதையில் நின்றுகொண்டே கழுகுக்கு போன் செய்தேன்.

“சார், பதினோரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன். இன்னைக்குக் கடையில ஒரு நல்ல மெஷின்ல ஏழு நிமிஷம் கிடைச்சுது, அதுல இன்னும் மூணு. மொத்தம் பதினாலு. மாடல்ல குறைஞ்சது நூறு இருக்கும். அஞ்சு மணிக்குள்ள முடிக்க முடியாது. என்கிட்ட மெஷின் இல்லை.”

“உடம்பு சரியில்லை, நெட் வரலை, எதுவும் இல்லையா?”

“இல்லை சார். மெஷின்தான் இல்லை.”

“கடையில பாத்த மூணு என்ன, சொல்லு.”

சொன்னேன். பதினேழாவது தூணுக்கு மேலே குறுக்குச் சட்டத்தின் ஓட்டை கீழ்த் தகட்டை விட்டு ஒரு விரல் தள்ளி இருப்பதைச் சொன்னேன். படிக்கட்டின் கைப்பிடி ஒரு தாங்கியைத் துளைத்துக்கொண்டு போவதைச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அந்த மூணாவது எங்க லிஸ்ட்லயே இல்லை,” என்றார் கழுகு.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“வீட்டுல இருந்து செய்யற வேலை உனக்கு இனிமே கிடையாது. சொன்னா சொன்னதுதான். ஆனா பாலம் கட்டற இடத்துல ஒரு மேசை காலியா இருக்கு. பெரிய மெஷின், மேசையோட இருக்கறது. இங்கேருந்து ஆறு மணி நேரம். தகரக் கொட்டகை, தூசி, தலையில ஹெல்மெட். தங்க ஒரு ரூம் தருவாங்க, நல்லா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசம். அஞ்சரைக்கு ஆபீஸ் வாசல்ல இருந்து வேன் கிளம்புது.”

“வரேன் சார்.”

“வீட்டுல கேக்க வேணாமா?”

“காலையிலிருந்து அதைத்தான் சார் செஞ்சுட்டிருந்தேன்.”

அவர் சிரித்தாரோ இருமினாரோ. எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. “அந்த மேசையில முன்னால யாரு சார் இருந்தாங்க?”

“நீ வந்து சேரு. அவருக்கு நடந்ததை போன்ல பேச வேணாம்,” என்று வைத்துவிட்டார்.

அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாலாவது மாடி வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. “சாயங்காலம் உக்காந்து பேசிக்கலாம் பாப்பா,” என்றார். தலையாட்டினேன். ஏறிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் பொய் என்று அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன், வாயால்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா நான் துணிகளை எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“தகரக் கொட்டகையா? ஆம்பளைங்களோட, தலையில அதை மாட்டிக்கிட்டு? படிச்ச பொண்ணு மாதிரியே இருக்காதேடி.”

கூடத்தில் என் பட்டமளிப்பு போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய தாள். அம்மா அதைத் தினமும் துடைக்கிறாள். இந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

“அந்த போட்டோவுல நிக்கிறாளே, அவ என்ன படிச்சாம்மா?”

“இதென்ன கேள்வி? இன்ஜினியருக்கு.”

“என்ன இன்ஜினியர்?”

அம்மா போட்டோவைப் பார்த்தாள், அதில் எங்காவது எழுதியிருக்குமா என்பது போல. “கம்ப்யூட்டர்தானே?” என்றாள்.

நான்கு வருடம் சிமென்ட்டும் இரும்பும் மண்ணும் படித்தேன். கம்பியை இழுத்து உடைத்துப் பார்க்கும் லேபில் பூட்ஸ் தேய நின்றேன். கம்ப்யூட்டர்தானே.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் கோபம் வந்தது. “என்னை ஏன் முறைக்கற? நீ எப்பவாவது உக்காந்து சொன்னியா? கேட்டா, ‘உனக்குப் புரியாதும்மா’ன்னுட்டுப் போவ. நாங்க பாக்கறதுக்கு நீ காட்டினது அந்த போட்டோ ஒண்ணுதான். அதைத்தான் துடைச்சுட்டு இருக்கேன்.”

பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒரு நாளையாவது தேடினேன். முதல் வருடம், கடைசி வருடம், ஏதாவது ஒரு சாயங்காலம். கிடைக்கவில்லை. அதனால் நான் போகாமல் இருக்கப் போவதில்லை. ஆனாலும் கிடைக்கவில்லை.

“பாலத்துக்கு வரைபடம் போடற படிப்பும்மா,” என்றேன். “எந்த இரும்பு எங்க சேரணும்னு பாக்கற வேலை. தப்பா சேர்ந்தா விழுந்துடும்.”

“இப்ப சொல்லு. கிளம்பற நேரத்துல.”

“இப்பவாவது சொன்னேனே.”

ஜிப் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டினேன். அம்மா நகரவில்லை.

“அப்பா வர்ற வரைக்கும் இரு. அவரைக் கேட்டுட்டுப் போ.”

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. சொல்றதுக்குத்தான் இருக்கு. அதை நீயே சொல்லிடு.”

“அவரு தாங்க மாட்டாருடி.”

“தாங்குவாரு,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “போன் பண்றேன்.”

அவள் விலகினாள். விலகினாளா, நான் இடித்துக்கொண்டு வந்தேனா, சரியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கீழ் வீட்டு அக்கா கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள். “ஏம்மா, வேலைக்கா? புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்காராமே அப்பா! எப்படி இருக்கு?”

“பாக்க ரொம்ப அழகா இருக்குக்கா,” என்று சொல்லிக்கொண்டே, நிற்காமல், மீதிப் படிகளை இறங்கினேன்.